அறுபத்துமூவர் அன்று ஒரு பால் பந்தல்

1

மெல்பர்னின் வடக்குப் புறநகர் ஒன்றில், நகராட்சி அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். குப்பைத்தொட்டி உடைந்துவிட்டது என்பவர்கள், நாய்க்கு உரிமம் எடுக்க வருபவர்கள், பக்கத்து வீட்டு மரக்கிளை தன் கூரைமேல் விழுகிறது என்று சண்டைக்கு வருபவர்கள், எல்லாருக்கும் முதல் முகம் என்னுடையதுதான். இருபத்தேழு வருஷமாகியும் நான் ஆங்கிலம் பேசினால் ஒரு நொடி கழித்துத்தான் அவர்களுக்குப் புரிகிறது. அந்த ஒரு நொடி எனக்குப் பழகிவிட்டது.

கைக்குழந்தையோடு யாராவது வந்து தயங்கினால் மட்டும் நான் பேசவே வேண்டியதில்லை. இடது பக்கம் கை காட்டினால் போதும். அங்கே ஓர் அறை, அதன் கதவருகே சுவரில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. அதில் ஒரு பெண், அவள் மார்போடு ஒரு குழந்தை, நாலைந்து கோடுகள், அவ்வளவே. எழுத்து ஒன்றும் கிடையாது. போன வாரம் ஒரு பெண் வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியவில்லை, அவள் பேசியது எனக்கு என்ன மொழியென்றே தெரியவில்லை. பலகையைப் பார்த்தாள், தலையாட்டினாள், உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளைப் பார்த்தல்ல, அந்தப் பலகையைப் பார்த்து. ஏன் எரிந்தது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று ஊரில் யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த நாலு கோட்டுக்கும் ஒரு வருஷம் கூட்டம் போட்டார்கள். அப்பாக்கள் மனம் புண்படாதா என்று ஒருவர் கேட்டார், நீலம் சரியா பச்சை சரியா என்று இரண்டு கூட்டம் நடந்தது. நான் என் மகள் தாரிணியைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் இந்த அறையும் இல்லை, படமும் இல்லை. கடைவளாகத்தின் கழிப்பறையில் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை குடிப்பதை நிறுத்தித் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

2

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாருக்கும் இப்படி ஒரு அறை வேண்டும் என்று தோன்றியதே இல்லை. முந்தானைதான் அறை. அதற்குள் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்கக் கூடாது என்பது மரியாதையால் மட்டுமல்ல, கண் பட்டுவிடும் என்ற பயத்தாலும்தான். குடிக்கிற பிள்ளையை யாராவது நாலு வினாடி கூடுதலாகப் பார்த்துவிட்டால் அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் அடுப்பில் வெடிக்கும்.

தாரிணிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது முதல்முறை ஊருக்குப் போனேன். தி. நகரில் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் அழ ஆரம்பித்தாள். விற்பனைப் பெண் ஒருத்தி என்னைச் சரக்கறைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, புதுப்புடவைகளின் கஞ்சி வாசனையில், என் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு அங்கேயே தூங்கினாள். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வெளியே வந்ததும், "மேடம், இதே டிசைன்ல மஜந்தா கீது, பாக்கறீங்களா?" என்றாள்.

அப்போது சிரித்துக்கொண்டே வாங்கினேன். பிறகு இங்கே மெல்பர்னில் உட்கார்ந்து யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரு நல்ல மனுஷி எதிரே வந்தால்தான் நம் ஊரில் பிள்ளைக்குப் பால். அவள் அன்று விடுப்பில் இருந்தால்?

3

தாரிணிக்கு இப்போது இருபத்தாறு வயது. படம் வரைந்து, சின்னங்கள் வடிவமைத்துச் சம்பாதிக்கிறாள். தமிழ் புரியும், பேசுவாள், படிக்கத் தெரியாது. என்னிடம் தமிழில் ஆரம்பித்து வாக்கியத்தின் பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். சென்னைக்கு அவள் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. "வெயில்", "கூட்டம்", "எல்லாரும் என்னையே கேள்வி கேக்கறாங்க" என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நான் தனியாகப் போய்த் தனியாக வருவேன்.

அவளுக்கு மீரா பிறந்தாள். மூன்றாம் மாதமே நான் பங்குனித் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாட வீதியில் ஒருமுறை நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதைவிடப் பெரிய ஆசை, இந்த முறையாவது தாரிணிக்கு இந்த ஊர் பிடித்துப்போக வேண்டும். பிடித்துவிட்டால் வருவாள். இல்லையென்றால் எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் மயிலாப்பூரை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அவ்வளவு கூட்டத்துல அவனுக்குப் பசிச்சா எங்க குடுப்பேன்?" என்று கேட்டாள். மீராவை அவன் என்றுதான் சொல்லுவாள், தமிழில் மட்டும். நான் திருத்துவதை விட்டுவிட்டேன். கேள்வி நியாயமானது.

அந்தத் திருவிழாவில் நாயன்மார்கள் வீதியுலா வரும் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பந்தல் முளைக்கும். நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, பிஸ்கட், சில இடங்களில் பேனாகூட. கொடுக்காதவன் பாவி, வாங்காதவன் முட்டாள் என்கிற மாதிரி ஒரு நாள். எங்கள் தெரு நலச் சங்கமும் வருஷா வருஷம் மோர்ப் பந்தல் போடும். இந்த வருஷம் அதன் பக்கத்திலேயே பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு மூடிய பந்தல் போடலாமே, செலவு என்னுடையது என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். செயலாளர் பட்டாபி மாமா, என்னைப் பாவாடை கட்டிய நாளிலிருந்து அறிந்தவர், உடனே போன் செய்தார்.

"பேஷான ஐடியாம்மா சுமதி! யாருக்குமே தோணலையே. நீ அங்க இருந்துண்டு நம்ம தெருவ நெனைச்சிண்டிருக்கியே, அதான் பெரிசு. கூட்டத்துல தூரத்துலேந்து தெரியணுமோன்னோ, பெருசா ஒரு படம் வேணும். உன் பொண்ணு வரைவாளே?"

தாரிணியிடம் கேட்டேன். முகம் மலர்ந்தது. என் ஊருக்காக அவள் எதையாவது செய்ய ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

4

மீரா தூங்குகிற நேரமெல்லாம் வரைந்தாள். என் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் எங்கள் பழைய சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுக்கும் படம். கொண்டை, கழுத்தின் சாய்வு, குழந்தையின் தலைக்குக் கீழே இருக்கும் கை, எல்லாம் அதிலிருந்து. முகம் கிடையாது, கோடுகள்தான். ஆனால் புடவை கட்டிய பெண் என்று தெரிந்தது, நம்மூர்க்காரி என்று தெரிந்தது. பார்த்த கையோடு குழுவில் அனுப்பினேன்.

"அருமை" என்று பலர் கைகூப்பினார்கள். பிறகு மாமா தனியாக அழைத்தார்.

"நன்னா இருக்கு. அந்த வளைவு ஒண்ணு மட்டும்... பெரியவா எல்லாம் வரப்பட்ட எடம் பாரு. லேசா முந்தானைய இழுத்து விட்டுடச் சொல்லு."

தாரிணி இழுத்து விட்டாள். இப்போது அந்தப் பெண் அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது.

அடுத்து பொட்டு. நெற்றியில் பொட்டு இல்லையே என்றார் ஒருவர். வைத்தால் மற்ற மதத்தவர் வரமாட்டார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் அதுவே ஓடியது. என்னைத் தவிரக் குழுவில் இருந்த ஒரே பெண் ஷமீம், என் பள்ளித் தோழி. கச்சேரி சாலைப் பக்கம் மூன்று தலைமுறையாக மெத்தைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பந்தலுக்கு மெத்தையும் தலையணையும் தருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் ஒரு குரல்பதிவு போட்டாள்.

"பொட்டு வெச்சா இன்னா, வெக்காங்காட்டி இன்னா? பசிக்கிற கொயந்த அத்தப் பாத்துகினா அழுவுது? ஏன் சார் இப்டி இழுத்துகினு கீறீங்க?"

அதோடு பொட்டுப் பேச்சு ஓய்ந்தது. பிறகு திருஷ்டி வந்தது. பால் குடிக்கிற பிள்ளையை அவ்வளவு பெரிதாக நடுத்தெருவில் லட்சம் பேர் பார்க்க வைத்தால், பந்தலுக்குள் வரும் பிள்ளைகளுக்குத்தானே கண் படும் என்றார் சங்கத்தின் பொருளாளர். அவர் சொன்னது கேலியாக இல்லை. நிஜமாகவே பயந்தார். அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம் என்பதால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பெண்ணைத் திருப்பி நிற்க வைக்கலாம் என்று முடிவாயிற்று. தாரிணி திருப்பினாள். முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"இதுல குழந்த எங்கம்மா இருக்கு?" என்று தாரிணி என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பசுவும் கன்றும் போடலாம் என்றார் ஒருவர். கோமாதா பூஜை என்று நினைத்துவிடுவார்கள் என்றார்கள். பாலூட்டும் சங்கு போடலாம் என்றார் இன்னொருவர். சங்கைப் பார்த்தால் சாவு வீடு என்று ஒதுங்கிப் போவார்கள் என்று அதுவும் போயிற்று. காலையில் எழுந்ததும் கைப்பேசியை எடுக்கவே எனக்கு எரிச்சல். ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுப்பதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படமாகப் போட அவர்கள் தயாராக இருந்தார்கள்.

கடைசியில் மாமா எழுதினார். "எல்லாரும் சமாதானமாகிற மாதிரி நானே ஒண்ணு முடிச்சுட்டேன். கவலையே படாதே."

கவலைப்பட்டிருக்க வேண்டும்.

5

சென்னைக்குப் போய், அடையாறில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். அறுபத்துமூவர் அன்று மதியம் ஆட்டோ லஸ் முனைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் நடைதான். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, தாரிணி மீராவை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தாலும் உற்சாகமாகவே இருந்தாள். பல்லக்கு ஒன்றைப் படம் எடுத்தாள். யாரோ கையில் திணித்த சுண்டலை நின்று தின்றாள். "இது நல்லா இருக்கும்மா" என்றாள். சுண்டலைத்தான் சொன்னாள், ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

எங்கள் தெரு முனையை அடைந்தபோது ஒரு வரிசை நின்றிருந்தது. ஆண்கள், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். சிலர் கையில் தூக்குச்சட்டி, சிலர் கையில் வெறும் தண்ணீர் பாட்டில். மோருக்கு இவ்வளவு கூட்டமா என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மோர்ப் பந்தலில் ஆளே இல்லை. வரிசை நின்றது எங்கள் பந்தலுக்கு.

பந்தலுக்கு மேலே பத்தடிக்கு ஃபிளெக்ஸ். நடுவில் ஒரு பாட்டில். நிப்பிள் வைத்த, கழுத்து வரை வெள்ளைப் பால் நிரம்பிய, பளபளக்கும் பாட்டில். கீழே 'தாய் சேய் சேவைப் பந்தல்'. அதைச் சுற்றிச் சங்கத்துப் பெரியவர்களின் முகங்கள். வலது மூலையில் எல்லாரையும்விடக் கொஞ்சம் பெரிதாக, என் முகம். என் வாட்ஸ்அப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'ஆஸ்திரேலியா சுமதி அவர்கள்.'

அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் பந்தல் போட்டு, அதில் பால் படமும் போட்டால், மயிலாப்பூர்க்காரன் என்ன நினைப்பான்? பால் தருகிறார்கள் என்று நினைத்து வரிசையில் நிற்பான். இதில் அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. குடித்துப் பழகிய ஊர்.

வரிசையில் இருந்த ஒருவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபிளெக்ஸைப் பார்த்தார்.

"இன்னாக்கா, நீங்கதான் அது? பால் எப்போ வரும்? அரமணி நேரமா நின்னுகினு கீறோம்."

"இது குடிக்கிற பால் இல்லீங்க..." என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இருபத்தேழு வருஷம் அந்நிய மொழியில் தடுமாறிய எனக்கு அன்று சொந்த ஊரில் தமிழ் தடுமாறியது.

"கொயந்தைங்களுக்கு மட்டுந்தானா? அப்போ எம்புள்ளைக்குக் குடுங்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி, நியாயமாக.

பட்டாபி மாமா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "ஒண்ணும் பதறாதே. எல்லாரும் பால் எங்கேன்னு கேக்கறா, என்ன பண்ணறது? பால்காரர்கிட்ட சொல்லிட்டேன், ரெண்டு அண்டா வந்துண்டே இருக்கு. ஏலக்காய் போட்டுக் குடுத்துடலாம். பேர் கெட்டுடப்படாது பாரு."

பந்தலின் துணியை விலக்கிப் பார்த்தேன். முதல் அண்டா ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. ஆடாமல் இருக்க வேண்டும் என்று ஷமீமின் புது மெத்தையின் மேல் அதை வைத்திருந்தார்கள். நாலு ஆண்கள் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷமீம் ஒரு மூலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "ரெண்டு பொண்ணுங்க கொயந்தையோட வந்து பாத்துட்டுத் திரும்பிப் பூட்டாங்க சுமதி. ஒரு வெள்ளக்காரியாட்டம் சிரிச்சிகினு நீ மேல தொங்கிகினு கீற, நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மீரா வீறிட்டாள். பசி. தாரிணி ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் இதில் படிக்க ஒன்றுமில்லையே.

"நான் வரைஞ்சதும் நீதாம்மா" என்றாள். "பால் குடுக்கிற உன்ன எடுத்துட்டாங்க. எல்லாரும் கும்பிடற மாதிரி உன்ன வெச்சிருக்காங்க."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.  வரிசைக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தாள், ஃபிளெக்ஸுக்குக் கீழே போட்டாள், உட்கார்ந்தாள், பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். துணியால் மறைக்கவும் இல்லை, யாரையும் முறைக்கவும் இல்லை. மீராவின் அழுகை நின்றது.

என் கை தானாக முந்தானையைப் பிரித்து அவள்மேல் போடப் போனது. "வேணாம்மா, அவனுக்கு வேர்க்குது" என்றாள். கையை எடுத்துவிட்டேன்.

வரிசையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பினார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் உற்றுப் பார்க்கவும் இல்லை. சற்று நேரத்தில் வரிசையிலிருந்து ஒரு பெண் விலகி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தாரிணியை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முந்தானைக்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். ஷமீம் ஓடிவந்து அவள் மடிக்குத் தலையணை கொடுத்தாள். பிறகு இன்னொருத்தி, கொஞ்சம் தள்ளி மூன்றாவதாக ஒருத்தி. அவ்வளவு நேரம் அந்தக் கூட்டத்தில் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா தவித்துப் போனார். "உள்ளே போய்க் குடுக்கச் சொல்லேம்மா. நடுரோட்ல..."

"உள்ளே எங்க மாமா? அண்டாவை இறக்குங்க, நாங்க போறோம்" என்றேன்.

அவர் அண்டாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அண்டாவை இறக்கவில்லை. பக்கத்துப் பந்தலிலிருந்து ஒரு சாமியானாத் துணியை வாங்கிவந்து, பெண்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் அகலப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயது மனுஷர், அந்த வெயிலில். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

6

திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துச் சங்கத்தின் குழுவில் படங்கள் வந்தன. ஏலக்காய்ப் பால் விநியோகம், அண்டா, டம்ளர், சால்வை, சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணும் இல்லை, நடைபாதையில் உட்கார்ந்த பெண்களும் இல்லை, துணி பிடித்த மாமாகூட இல்லை. கீழே அவர் எழுதியிருந்தார்: 'உங்கள் ஆதரவால் பால் பந்தல் அமோகம். அடுத்த வருஷம் பாதாம் பால்.'

'பாதாம் பால் வேண்டாம் மாமா. அந்தப் பெண்ணைத் திரும்பப் போடுங்கள்' என்று எழுதினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. ஷமீம் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, மெத்தையில் பால் கொட்டி நாறிவிட்டது, காயப் போட்டிருக்கிறேன், அடுத்த வருஷம் வா, நாம் இரண்டு பேருமே போடுவோம் என்றாள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தாரிணி வந்திருந்தாள். மீராவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கைப்பேசியைக் காட்டி, மாமாவின் செய்தியைப் படித்துச் சொன்னேன், ஷமீம் சொன்னதையும் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி, பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்.

"அடுத்த வருஷமும் போலாமா? உன் படத்தையே பெருசா அடிச்சு எடுத்துட்டுப் போய் நாமே கட்டிடலாம்."

அவள் கோபப்படவில்லை. ஒரு நாள் விடுப்புக் கேட்டால் கணக்குப் பார்ப்போமே, அப்படிக் கொஞ்சம் யோசித்தாள்.

"அடுத்த வருஷம் மீரா பால் குடிக்க மாட்டானேம்மா" என்றாள். "அப்புறம் எனக்கு அங்க என்ன வேல?"